கல்யாணத்தன்று வெட்டப் போகும் சோளம்

அந்தோணி,

கடிதத்தின் தலையில் சிலுவை போட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று கன்னியர் மடத்தில் எனக்கு எழுத்துப் பழக்கிய சிஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். இன்றைக்குப் போடவில்லை. சிலுவைக்குக் கீழே எழுதுகிற சமாசாரம் இல்லை இது. உறையையும் ஒட்டவில்லை. காதர் அண்ணன் மாட்டுவண்டியில் பட்டர்வொர்த் வரை கொண்டுபோய், அங்கிருந்து பெரிக் கப்பல் ஏறிப் பட்டணத்துக்கு வந்து உன் கையில் கொடுப்பார். வழியில் யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கட்டும். உன் மாமனார் படிக்கட்டும். கோவில் வாசலில் நிற்கிறவர்கள் படிக்கட்டும், படிக்கத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் சத்தமாகப் படித்துக் காட்டட்டும். நீ என்னைக் கூப்பிட்டது ஊரறிய நடக்கிற கல்யாணத்துக்கு. நான் பதில் சொல்வதும் ஊரறியத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். சப்பாத்துப் போட்டுக்கொண்டு, வரப்புச் சேறு ஒட்டிவிடக் கூடாதே என்று காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தாய். நம் வீட்டுப் பலகையில் கைக்குட்டையை விரித்து அதன்மேல் உட்கார்ந்தாய். நீ தவழ்ந்த பலகை அது. சரி, கல்யாண மாப்பிள்ளை, வெள்ளைக் கால்சட்டை, போகட்டும் என்று விட்டேன். நீலப் புடவை ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தாய். "அம்மா, நீங்க திங்கக்கிழமையே பட்டணத்துக்கு வந்துடுங்க. புதன்கிழமை காலைப் பூசையில கல்யாணம். வெள்ளிக்கிழமை நானே உங்களக் கொண்டாந்து விட்டுடுறேன்" என்றாய். பிறந்ததிலிருந்து வா, போ என்று என்னிடம் பேசிய வாய் அன்றைக்கு நீங்க, வாங்க என்றது. சுருக்கென்றுதான் இருந்தது. படித்தவன், மரியாதை கூடிவிட்டது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். எவ்வளவு பெரிய மக்கு நான்!

கிளம்பும்போது சோளத்தைப் பார்த்தாய். "இத எப்ப ஒடிப்பீங்க?" என்று கேட்டாய். பிள்ளைக்கு ஆசை வந்துவிட்டது என்று எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஒரு கதிரின் தோலைக் கொஞ்சம் விலக்கி, நகத்தால் கீறிக் காட்டினேன். வெறும் தண்ணீர்தான் வந்தது. "இன்னும் பால் புடிக்கலடா. மூணு வாரம் போவணும். ஓரத்து வரிசைய மட்டும் நல்லாக் காய விட்டு விதைக்கு எடுக்கணும். முதல் விதைப்ப எலியும் காக்காயும் தோண்டித் தின்னுடுச்சு. அடுப்புக்கு மேல கட்டித் தொங்கவிட்டிருந்த கதிரையெல்லாம் உதுத்து மறுபடி போட்டேன். வீட்டுல இப்ப ஒரு மணி விதை கூட இல்ல" என்றேன். நீ தலையை ஆட்டினாய். அதற்கு முந்தின வாரம்தான் பக்கத்து நிலத்தில் பாக்கியத்தின் சோளத்தை நிற்கிறபோதே வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அதனால் பயந்துகொண்டே கேட்டேன், "நம்மளதையும் வெட்டச் சொல்லுவாங்களாடா?" என்று. "அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்மா" என்றாய். பார்த்துக்கொண்டாய் ராசா, நன்றாகவே பார்த்துக்கொண்டாய்.

வியாழக்கிழமை காதர் அண்ணன் வண்டியோடு வந்தார். வழக்கமாக வந்ததும் தண்ணீர் கேட்கிற மனுஷர், அன்றைக்குக் கேட்கவில்லை. "அக்கா, புதன்கிழமை நீங்க பட்டணத்துலதான இருப்பீங்க?" என்றார்.

"ஆமாண்ணே, மகன் கல்யாணம்லா. நீங்களும் வரணும்."

"நான் எங்கக்கா வர்றது? அன்னிக்கு வெட்டுற ஆளுங்கள ஏத்திக்கிட்டு வரச் சொல்லியிருக்காரு சின்னக் கிராணி. வெட்டுன தட்டையையும் அப்படியே வண்டியில அள்ளிப் போயிடணுமாம். மறுநாள் வெள்ளைக்காரத் துரைமாருங்க நெலத்தப் பாத்து வெல பேச வர்றாங்களாம். ரப்பர் மரத்துக்கு நடுவுல ஒரு தட்டை கூட நிக்கப்படாதாம்."

"யாரு வரிசைண்ணே வெட்டப் போறாங்க?"

அவர் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். "என்னைய ஏன்க்கா கேக்குறீங்க? இன்னும் நிக்கிறது உங்க வரிசை மட்டுந்தான்லா" என்றார். சின்னக் கிராணி யார் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பெயரை நான்தானே ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், என் மகன் தோட்டத்துக் கணக்கு பார்க்கிற சின்னக் கிராணி ஆகிவிட்டான் என்று.

நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண் பட்டணத்தில் வளர்ந்தவள். அவளும் இதைப் படிப்பாள் என்பதால் அவளுக்குப் புரிகிற மாதிரி எழுதுகிறேன். அம்மா ரோசம்மா, நீ கடற்கரையில் வாங்கித் தின்கிற அவித்த சோளம் எங்கே விளைகிறது என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எங்களுக்கென்று ஒரு சாண் நிலம் கிடையாது. காட்டை வெட்டி ரப்பர்க் கன்று வைத்ததும், கன்றுக்குக் கன்று நடுவே இடம் சும்மா கிடக்கும். அதில் லாலான் புல் மண்டினால் கன்று செத்துவிடும். களை எடுக்க ஆள் வைத்தால் சம்பளம் கொடுக்க வேண்டும். அதனால் எங்களைப் போன்றவர்களைக் கூப்பிட்டு, நடுவில் சோளம் போட்டுக்கொள், பதிலுக்குக் கன்றைப் பார்த்துக்கொள் என்று விடுவார்கள். கூலி கிடையாது, வாடகை கிடையாது. களை எடுப்போம், கரையான் பார்ப்போம், செத்த கன்றுக்கு வேறு கன்று வைப்போம். மரம் ஆள் உயரம் தாண்டித் தலை விரிக்கும். நிழல் விழுந்த இடத்தில் சோளம் கதிர் வைக்காது. அப்புறம் எங்களை யாரும் போகச் சொல்ல வேண்டியதே இல்லை. பசியே சொல்லும். மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த கன்றுக்காட்டைத் தேடிப் போவோம். எந்த மரத்தை நன்றாக வளர்க்கிறோமோ அந்த மரமே எங்களை விரட்டும். சின்னக் கிராணி இந்த ஏற்பாட்டில்தான் பிறந்தான், பல் முளைத்தான், நடை பழகினான்.

அந்தோணி, உன் அப்பா சூசை நல்ல மனுஷன். அவ்வளவு நல்ல மனுஷனாக இருந்ததுதான் எங்களுக்கு வந்த கேடு. நீ பால்குடியாக இருந்தபோது பாகான் டாலாமுக்கு உள்ளே ஒரு காட்டில் இருந்தோம். சோளம் செழிக்க வேண்டும் என்று ஊரெல்லாம் அலைந்து மாட்டுச்சாணி சுமந்து வந்து வரிசைக்கு வரிசை போட்டார். தோள் புண்ணாகி, துணி ஒட்டிக்கொள்ளும், நான் எண்ணெய் போட்டுப் பிரித்தெடுப்பேன். சோளம் தின்றது போக மிச்சச் சத்தையெல்லாம் ரப்பர் வேர் இழுத்துக்கொண்டது. மரம் குபுகுபுவென்று எழும்பிவிட்டது. மற்றவர்கள் இன்னும் ஒரு வருஷம் சோளம் போட்டுக்கொண்டிருக்க, எங்களுக்கு மட்டும் நிழல் விழுந்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். சோம்பேறிக்குச் சோறு கிடைத்தது, உழைத்தவனுக்கு மூட்டை கட்டுகிற வேலை கிடைத்தது. அடுத்த காட்டில் அவர் புத்திசாலியாகப் பார்த்தார். கெப்பாலா பத்தாஸ் பக்கம், இதே உன் மாமனார் பெரிய கிராணியாக இருந்த நிலம். பொழுது சாய்கிற நேரத்தில் வரிசைக்குள் போய், யாருக்கும் தெரியாமல் ரப்பர்க் கன்றின் கொழுந்தைக் கிள்ளிவிட்டு வருவார். மேலே எழும்பாவிட்டால் நிழல் விழாது என்பது அவர் கணக்கு. பாவி மனுஷருக்குச் சோளம் தெரிந்த அளவு ரப்பர் தெரியவில்லை. கொழுந்து போனதும் ஒவ்வொரு கன்றும் பக்கத்தில் நாலு கிளை விட்டு, குடை விரித்த மாதிரி தாழ்வாகப் படர்ந்துவிட்டது. எழும்புகிற மரம் தரும் நிழலைவிட இது சீக்கிரம் வந்தது. பால் வெட்ட நேரான அடிமரமும் இல்லாமல் போயிற்று. உரம் போட்டாலும் நிழல், கிள்ளினாலும் நிழல்.

பெரிய கிராணி ஒவ்வொரு குடிசையாக வந்து விசாரித்தார். யார் கிள்ளியது என்று யாரும் வாய் திறக்கவில்லை. எல்லார் வீட்டிலும் ஒருவர் அப்படிக் கிள்ளியிருந்தார். நீ அப்போது முதல் நற்கருணை வாங்கப் புதுநன்மைக்கு ஞானோபதேசம் படித்துக்கொண்டிருந்தாய். பொய் சொன்னால் நற்கருணை நாக்கில் நிற்காது என்று நான்தான் மிரட்டி வைத்திருந்தேன். பெரிய கிராணி உன் தலையைத் தடவி, "தம்பி, நீ கெட்டிக்காரப் பையனாமே, ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். "எங்க அப்பாதான் கிள்ளுறாரு" என்று நீ சொன்னாய். எதற்கும் பயப்படாமல், நிமிர்ந்து நின்று, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாய்.

அதற்கு அவர் கொடுத்த தண்டனை உனக்கு ஞாபகம் இருக்கும். இல்லை என்று சொல்லாதே, நீயும் அங்கே நின்றாய். அடித்திருந்தால் பொறுத்திருப்போம். போலீசில் பிடித்துக் கொடுத்திருந்தாலும் பொறுத்திருப்போம். பெரிய கிராணி வரப்பில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, நம் சோளத்தை உன் அப்பா கையாலேயே வெட்டச் சொன்னார். நிழல் மூடுவதற்கு முன் கடைசியாக விளைந்து, நன்றாகப் பால் பிடித்து, மறுநாள் ஒடிக்க வேண்டிய சோளம். அதில் முதல் கதிரைச் சுட்டுக் கொண்டுவரச் சொல்லி, உதிர்த்து உதிர்த்துத் தின்றுகொண்டே பார்த்தார். உன் அப்பா பாராங்கத்தியை வைத்து ஒவ்வொரு தட்டையாக வெட்டினார். பாதியில் அவர் கை நின்றுபோகும். "ம்ம், நடக்கட்டும்" என்பார் இவர். வெயில் ஏறியது. "இந்தாடா தம்பி, குடையப் புடி" என்று உன்னைக் கூப்பிட்டார். நீ அவருக்குக் குடை பிடித்தாய். உன் அப்பா வெயிலில் வெட்டிக்கொண்டிருந்தார், நீ அவருக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தாய். கடைசித் தட்டை விழுந்ததும் பெரிய கிராணி எழுந்து பல்லைக் குத்திக்கொண்டே என்னிடம் சொன்னார்: "ஒம் மகனுக்கு நன்றி சொல்லு. அவன் சொல்லலன்னா இந்தக் காட்டுல இருக்குற எல்லாரையும் வெரட்டியிருப்பேன். இந்தப் பையனப் பட்டணத்துப் பள்ளிக்கூடத்துல நானே சேத்து விடுறேன்." உன் இங்கிலீசுப் படிப்பு அப்படித்தான் வந்தது. நம் சோளத்தில் வந்தது.

உன்னைக் கட்டிவைத்து உரிக்க வேண்டும் என்று நான் விளக்குமாற்றைத் தூக்கினேன். உன் அப்பாதான் தடுத்தார். "பொய்யா சொன்னான்? உள்ளதத்தான சொன்னான். நீதான உண்மை பேசணும்னு வளத்த. விடு புள்ள, ஒருத்தனாவது இந்த மண்ண விட்டுப் போகட்டும்" என்றார். உனக்குச் சோறு போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து விசிறிவிட்டார். அதற்கு அடுத்த காட்டில் காய்ச்சல் வந்து செத்துப்போனார். சாகிறவரை ஒரு வார்த்தை உன்னைச் சொன்னதில்லை. நானும் அன்றோடு மன்னித்துவிட்டேன். சின்னப் பிள்ளை, உண்மையைச் சொல்லிவிட்டது, அவ்வளவுதான். இத்தனை வருஷம் அதை வாயில் எடுத்தேனா? கேள், எடுத்தேனா?

இன்னொன்றையும் எடுத்ததில்லை. சந்தையில் வாங்குகிறவர்கள் எங்களைப் பார்த்தாலே தெரிந்துகொள்வார்கள், இன்றைக்கே விற்றாக வேண்டியவர்கள் என்று. ஒடித்த சோளம் ஒரு நாள் தாங்காது, இனிப்புச் செத்துச் சப்பென்று ஆகிவிடும். அதனால் அவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டு, சாயங்காலம் வரை எங்களைக் காக்க வைப்பார்கள். பெரி வரத் தாமதமானால் அதோடு தொலைந்தோம். அப்படி விலை படியாத ஒரு நாள் நானே அண்டா வாங்கிக் கடற்கரைத் திடல் ஓரம் உட்கார்ந்து அவித்து விற்றேன். நீ பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலு பேரோடு வந்தாய். என்னைப் பார்த்தாய். நான் சிரிக்க வாயெடுத்தேன். நீ கண்ணை இமைக்காமல், "பாட்டி, சூடா நாலு குடு. உப்புத் தண்ணி நல்லாத் தெளி" என்றாய். எனக்கு அப்போது தலையில் ஒரு முடி நரைக்கவில்லை. நான் என்ன செய்தேன்? "இந்தா தம்பி, கை சுட்டுடும், பாத்துப் புடி" என்று உன்னிடம் நாலு கதிர் கொடுத்தேன். உன் நாடகத்தில் நானும் வேஷம் கட்டினேன். நீ காசு கொடுத்தாய், நான் வாங்கிக்கொண்டேன். உன் சிநேகிதன் ஒருவன், "நல்ல சோளம்லா" என்று சொல்லிக்கொண்டே போனது காதில் விழுந்தது. இவன் அப்பன் காத்த விதை தம்பி, நல்லாத்தான் இருக்கும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அதையும் விழுங்கினேன். பெற்றவளுக்குத் தொண்டை பெரிசு.

ஆனால் பாக்கியத்துக்கு நான் செய்தது இருக்கிறதே, அதை மட்டும் விழுங்க முடியவில்லை. நீ இங்கே வந்ததற்கு முந்தின வாரம் அவள் தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். "ஒம் மகன்தாண்டி நின்னு வெட்டச் சொன்னான். குடையப் புடிச்சிக்கிட்டு நின்னான். மூணு வாரம் பொறு தம்பின்னு கால்ல விழுந்தேன். சப்பாத்தப் பின்னால இழுத்துக்கிட்டான், அழுக்காயிடுமாம்" என்று மாரில் அடித்துக்கொண்டாள். நான் அவளைப் பிடித்துத் தள்ளினேன். என் மகன் மேலிடத்துச் சொல் கேட்டு நடக்கிறவன், நீதான் பொறாமையில் பேசுகிறாய், உன் பிள்ளை படிக்கவில்லை என்று வயிற்றெரிச்சல் என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவள் தலையை முடிந்துகொண்டு திரும்பி நடந்தாள். மறுநாள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் வெட்டுப்பட்ட கதிரைப் பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுத்தாளாம். மணியே பிடிக்காத கதிர், வெறும் நெட்டி. பிள்ளைகள் நெட்டியைச் சூப்பிக்கொண்டே நடந்து போனதைக் காதர் அண்ணன் பார்த்திருக்கிறார். உன் கல்யாணத்துக்குக் கோவிலில் ஓலை வாசித்த மூன்று ஞாயிறும், யாருக்காவது தடை தெரிந்தால் வந்து சொல்லலாம் என்று சாமியார் கேட்டிருப்பார். பாக்கியத்தை யாரும் கூப்பிடவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கேட்டுக்கொள். நிற்கிற சோளம் போய்விட்டால் எனக்கு இந்தப் போகம் சோறு இல்லை. அது பரவாயில்லை, பட்டினி எனக்குப் புதிசில்லை. விதை போய்விட்டால் எனக்கு அடுத்த காடும் இல்லை. தனியாக இருக்கிற பொம்பளைக்கு யார் வரிசை கொடுப்பார்கள்? 'விதை வச்சிருக்கியா?' என்றுதான் முதலில் கேட்பார்கள். உன் அப்பா ஒவ்வொரு காட்டிலிருந்தும் நல்ல கதிராகப் பார்த்து, தோலை முடிந்து, அடுப்புப் புகையில் கட்டி, வண்டு விழாமல் காத்துக் கொண்டுவந்த விதை. சட்டி பானை உடைந்தது, கூரை பறந்தது, மனுஷரே போனார். விதை மட்டும் கூடவே வந்தது. இந்த மூன்று வாரம்தான் அதற்கும் எனக்கும் உயிர். நீ நேரில் வந்து, "அம்மா, எனக்கு வேற வழியில்ல, துரைமாரு வர்றாங்க, வெட்டித்தான் ஆகணும்" என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் தெரியுமா? ஓரத்து வரிசையை மட்டும் விடச் சொல்லி உன் மாமனார் காலில் போய் விழுந்திருப்பேன். அதுவும் நடக்கவில்லை என்றால் வயிறெரிந்து அழுதுவிட்டு, புடவையைக் கட்டிக்கொண்டு உன் கல்யாணத்துக்கும் வந்திருப்பேன். பெற்ற வயிறு அப்படிப்பட்டது. நீ என்ன செய்தாய்? நீலப் புடவையைக் கொடுத்து, வெள்ளிக்கிழமை வரை தங்கச் சொல்லி, நான் உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிற அதே நேரத்தில் இங்கே கத்தி இறங்க ஏற்பாடு செய்தாய். அன்றைக்கு உண்மை சொல்லிப் படிப்பு வாங்கினாய். இன்றைக்குப் பொய் சொல்லிப் பெண் வாங்குகிறாய்.

கல்யாணமாகிறவனுக்குப் பெற்றவள் புத்தி சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன். உன் மாமனார் உன்னை ஏன் மருமகனாக்குகிறார் என்று நினைத்தாய்? உன் இங்கிலீசுக்காகவா? பெற்ற தாயின் சோளத்தை வெட்டச் சொன்னாலும் வெட்டுவான் என்று சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் பெண் கொடுக்கிறார். அவருக்கு ஒரு மகன் இருக்கிறான், இன்னும் சின்னவன். அவன் வளர்கிறவரை களை எடுக்க ஒருவன் வேண்டும். அவன் தலையெடுக்கட்டும், உன் நிலைமை என்ன என்று பார். மரத்துக்கு நடுவில் இருந்துதான் நீ வந்தாய், மரத்துக்கு நடுவிலேயேதான் நிற்கிறாய். சப்பாத்துப் போட்டிருப்பதால் உனக்குத் தெரியவில்லை.

நான் வரவில்லை. நீலப் புடவையைக் காதர் அண்ணனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன், பிரிக்கவில்லை, கடையில் திருப்பிக் கொடுத்தாலும் எடுத்துக்கொள்வார்கள். புதன்கிழமை விடியும்போது நான் சோளத்துக்கு நடுவில் நிற்பேன், ஓரத்து வரிசைக்குள். காதர் அண்ணன் கொண்டுவருகிற ஆட்களை எனக்குத் தெரியும். பாதிப் பேர் என் கையால் சோளம் வாங்கித் தின்றவர்கள், மீதிப் பேர் போன வருஷம் வரை எங்களோடு களை எடுத்தவர்கள். எந்தப் பயலும் என்மேல் கத்தியை ஓங்க மாட்டான். கிழவி நகர மாட்டேன் என்கிறாள் என்று ஒருவன் பெரி ஏறி உன்னிடம் ஓடிவருவான். நீ பீடத்துக்கு முன்னால் மோதிரத்தோடு நிற்பாய். மறுநாள் துரைமார் வருவார்கள். உன் மாமனார் பின்னாலிருந்து உன்னையே பார்ப்பார். அப்போது நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும் அந்தோணி. உன்னைப் பெற்றவள் நான்.

வா. கல்யாணக் கோட்டோடேயே வா, மாலையைக் கூடக் கழற்ற வேண்டாம். உன் அப்பாவின் பாராங்கத்தியைத் தீட்டி வரப்பில் வைத்திருக்கிறேன். அடியில், ஒரு சாண் விட்டு, சாய்த்து வெட்ட வேண்டும், அவர் உனக்குச் சொல்லிக்கொடுத்தாரே, அப்படி. முதல் தட்டை விழுகிறவரை நான் நிற்பேன். உன் கையால் அது விழுந்ததும் நானே ஒதுங்கி வழி விடுகிறேன், பயப்படாதே. வெயிலாக இருந்தால் உன் மாமனாரைக் கூட்டிக்கொண்டு வா, அவர் உனக்குக் குடை பிடிக்கட்டும். உன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வா, அவளும் பார்க்கட்டும். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, மகராசியாக இருக்கட்டும்.

வெட்டி முடித்ததும் தாயின் ஆசீர்வாதம் கேட்பாய். நீ கேட்காவிட்டாலும் சுற்றி நிற்கிறவர்களுக்காகவாவது கேட்டுத்தான் ஆக வேண்டும். அதற்கு அலைய வேண்டாம், இப்போதே எழுதிவிடுகிறேன். உனக்கு ஒரு மகன் பிறக்கட்டும். நல்ல கெட்டிக்காரனாக இருக்கட்டும். நன்றாகப் படிக்கட்டும்.

உன் அம்மா